அடுத்தவன் கைக்கு ஊசி

உலகத்தில் எத்தனையோ வகை மனிதர்கள் உண்டு. கடன் வாங்கிவிட்டுக் கண்ணில் படாதவர்கள், கல்யாண வீட்டில் கடைசிப் பந்தியிலும் காணக் கிடைப்பவர்கள் என்று நீங்களும் பலரைப் பார்த்திருப்பீர்கள். ஆனால் பர்மிங்ஹாமில் எங்கள் ஜமைக்காக்காரர்கள் வாழும் ஹாண்ட்ஸ்வொர்த் பக்கம் வந்தால்தான் 'சமூகத்தின் குரல்' என்ற வகையை நன்றாக வளர்ந்த நிலையில் பார்க்கலாம். பெயர் நான் வைத்ததல்ல. அரசாங்கம் வைத்தது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். ஜமைக்காவின் கிளாரண்டனிலிருந்து ஓர் அட்டைப் பெட்டியோடு கப்பலேறி வந்து, இன்று மூன்று ரொட்டிக் கடைகளுக்கும் டோமினோ சங்கம் நடக்கும் கூடத்துக்கும் சொந்தக்காரன். ஆளை எடைபோடுவதில் என்னை மிஞ்ச இந்தத் தெருவில் ஆள் இல்லை. ஆகவே நம்பிப் படியுங்கள்.

சமூகத்தின் குரலை எப்படி அடையாளம் காண்பது? பொதுப்பணத்தில் ஆராய்ச்சி என்று எங்காவது ஒரு கூட்டம் கூடினால், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, கொஞ்சம் தாமதமாக, எல்லாரும் திரும்பிப் பார்க்கும்படி உள்ளே வந்து, முன்வரிசையில் உட்கார்ந்து, யாரும் கேட்காத கேள்விக்கு "என் சமூகத்தின் சார்பில்" என்று தொடங்கிப் பதில் சொல்லி, மிஞ்சிய சாண்ட்விச்சைக் காகிதக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு கடைசியாக வெளியேறுகிறவர் யாரோ, அவர்தான். கூட்டம் முடிந்ததா? இல்லை. அடுத்த கூட்டத்துக்குத் தேதி குறித்தாகிவிட்டது.

எங்கள் ஊர்க் குரல் எக்பர்ட் லிண்டோ. பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். அவர் சொல்வதெல்லாம் பொய் என்று நினைத்துவிடாதீர்கள். அதுதான் சங்கடமே, எல்லாம் நிஜம். எங்கள் கறுப்பு ஆண்களில் நாலில் ஒருவருக்கு வாழ்நாளில் புராஸ்டேட் புற்றுநோய் வருகிறது. வெள்ளைக்காரருக்கு அதில் பாதிதான். ஏன் என்று எவருக்கும் முழுதாகத் தெரியாது. தெரிந்துகொள்ளப் பணம் ஒதுக்கு என்று மேசையைத் தட்டியவர்களில் எக்பர்ட்டும் ஒருவர். டோமினோக் கட்டையை அறைந்து அறைந்து பழகிய கை. சத்தம் லண்டன் வரை கேட்டது.

பணம் வந்தது. எங்களை எப்படி அணுகுவது என்று ஒரு வருடம் ஆராய்ந்தார்கள். அணுகியது சரிதானா என்று அடுத்த வருடம் ஆராய்ந்தார்கள். பிறகு சுவரொட்டி அடித்தார்கள். அதில் 'பயப்படாதீர்கள், பரிசோதனை செய்யுங்கள்' என்ற வாசகத்தின் கீழே எக்பர்ட் சிரித்துக்கொண்டிருந்தார். பேருந்து நிறுத்தத்தில் தன் படத்துக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, யாராவது அடையாளம் கண்டுகொள்ளட்டும் என்று காத்திருந்து பேருந்தைத் தவறவிட்ட ஓட்டுநரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

கடைசியில் ஒரு சனிக்கிழமை, ரத்தம் எடுக்க ஆராய்ச்சிக்காரர்கள் என் கூடத்துக்கே வந்தார்கள். ஊசியோடு ஒரு நர்ஸ், அவர் முன்னால் ஒரு காலி நாற்காலி. டாக்டர் அபெனா என்ற சின்ன வயதுப் பெண், கானாக்காரர் மகள், கையைப் பிசைந்துகொண்டு என்னிடம் சொன்னாள்:

"ஐயா, இன்னிக்கு ஆள் சேரலைன்னா அடுத்த வருஷம் பணத்தை நிறுத்திடுவாங்க. 'அவங்களுக்கே அக்கறை இல்லை'ன்னு எழுதிடுவாங்க."

கூடம் நிறைந்திருந்தது. ஆட்டுக்கறிக் குழம்புக்காக நிறைந்திருந்தது. நாற்காலி மட்டும் காலி. எக்பர்ட் எழுந்து, தயக்கம் என்பது எங்கள் சமூகத்தின் சாபக்கேடு என்று வெகுநேரம் பேசினார். கைதட்டினோம்.

தட்டை மடியில் வைத்திருந்த டோமினோ சங்கத்து ரூபர்ட் சொன்னான்: "அருமை, தலைவரே. முதல்ல நீங்க உக்காருங்க. நாங்க பின்னாலயே வர்றோம்."

"அது முறையில்ல, தம்பி. நான் ஆலோசனைக் குழு. கேள்வித்தாள் தயாரிச்சவனே பரீட்சை எழுதலாமா? ஆராய்ச்சி கெட்டுப்போயிடும்."

"கெடாது சார். நீங்களும் தரலாம்" என்றாள் டாக்டர்.

"காலையில சாப்பிட்டுட்டேனேம்மா."

"சாப்பிட்டா பரவாயில்ல சார்."

"சைக்கிள் ஓட்டினா ரெண்டு நாளைக்கு ரத்தம் எடுக்கக் கூடாதுன்னு நம்ம துண்டுத்தாள்லயே போட்டிருக்கு. நான் நேத்துதான் ஓட்டினேன்."

"எந்தச் சைக்கிளு?" என்றான் ரூபர்ட். "உங்க கொல்லையில கொடி படர்ந்து கிடக்கே, அதுவா?"

கூடம் சிரித்தது. ஆனால் ஒருவரும் எழவில்லை. குரலே உட்காரவில்லையென்றால் காதுக்கு என்ன வந்தது? நான் என் வைத்தியரிடம் போன வருடமே ரத்தம் கொடுத்தவன். அதை அங்கிருந்த ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொன்னேன். அதனாலும் ஒருவரும் எழவில்லை. நர்ஸ் பெட்டியை மூடலாமா என்பதுபோல் டாக்டரைப் பார்த்தார்.

அப்போது சமையலறையிலிருந்து, கையில் அகப்பையோடு எக்பர்ட்டின் மனைவி வெர்னா வந்தாள். கோபம் வந்தால் மட்டும்தான் அவள் புருஷனைக் குடும்பப் பெயர் சொல்லி அழைப்பாள்.

"மிஸ்டர் லிண்டோ."

டோமினோ ஆடிக்கொண்டிருந்தவர்கள் கட்டையைக் கீழே வைத்தார்கள்.

"இதே நோயில செத்துப்போன எங்க கிளிஃப்டன் அண்ணன் பேரைச் சொல்லிச் சொல்லி எத்தனை கூட்டத்துல சாண்ட்விச் தின்னீங்க? அவனும் இப்படித்தான். இன்னிக்குச் சாப்பிட்டுட்டேன், நாளைக்கு மழை, அடுத்த வாரம் பாக்கலாம். பெட்டியில வெச்சு மூடுற வரைக்கும் அவனுக்கு அடுத்த வாரந்தான். உங்க போட்டோ ஊரெல்லாம் ஒட்டியிருக்கு. நாளைக்கு நீங்க போயிட்டா, அதோடயா நான் குடித்தனம் நடத்தணும்?"

எக்பர்ட் உட்கார்ந்தார். முதலில் தவறான சட்டைக்கையை மடித்தார். ஊசி இறங்கும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு, பழக்கதோஷத்தில், "என் சமூகத்தின் சார்பில்..." என்று ஆரம்பித்தார்.

"உங்க கை மட்டும் போதும் சார்" என்றார் நர்ஸ்.

ரூபர்ட் தட்டைக் கீழே வைத்துவிட்டுப் பின்னால் போய் நின்றான். அவன் பின்னால் இன்னொருவன். கறி ஆறுவதற்குள் வரிசை வாசலைத் தாண்டிவிட்டது. ஆராய்ச்சிப் பணம் நிற்கவில்லை. நின்றிருக்கக்கூடியது எக்பர்ட்டின் மூச்சுதான். அவர் ரத்தத்தில் அந்தப் புற்றுநோயைக் காட்டிக்கொடுக்கும் அளவு கூடியிருந்தது, மருத்துவமனைக்கு அழைத்தார்கள், ஆரம்ப நிலையிலேயே பிடித்துவிட்டார்கள். இன்று ஆள் நன்றாகத்தான் இருக்கிறார். "யாருமே முன்வராதபோது நான்தான் துணிந்து முதல் ஆளாக உட்கார்ந்தேன்" என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லி வருகிறார். வெர்னா மறுப்பதில்லை. சொல்வதற்கு ஆள் இருக்கிறாரே, அது போதும் அவளுக்கு.

ஒன்று கேட்டு முடிக்கிறேன். இதைப் படித்துக்கொண்டே வந்தபோது, கட்டாயம் இதைப் படிக்க வேண்டும் என்று ஒரு மைத்துனனோ பக்கத்து வீட்டுக்காரரோ உங்கள் நினைவுக்கு வந்தாரல்லவா? வெட்டி எடுத்து அவருக்கு அனுப்பலாம் என்றுகூட நினைத்திருப்பீர்கள். அனுப்புங்கள். அப்படியே கண்ணாடியில் உங்கள் கழுத்தையும் ஒருமுறை பாருங்கள். கழுத்துப்பட்டை தெரிகிறதா?