ஈஸ்வரபாண்டி கொண்டுவந்த வாய்க்கால் சட்டம்

லிஃப்ட் கதவில் ஒட்டியிருந்த அறிவிப்பை ஈஸ்வரபாண்டி முதலில் கண்ணாடி போட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படித்தார். அப்படிப் படித்தாலாவது தொகை குறைந்து தெரியாதா என்று ஒரு நப்பாசை. குறையவில்லை. மதுரையிலிருந்து பராமரிப்புக் கம்பெனி ஒன்றை அமர்த்தியிருப்பதால், மாதக் கட்டணம் வீட்டுக்கு ஆயிரத்து ஐந்நூறிலிருந்து இரண்டாயிரத்து இருநூறாக உயர்கிறது. கீழே சங்கச் செயலாளர் சுரேஷ்கண்ணனின் கையெழுத்து ஒரு பாவமும் அறியாத பிள்ளை மாதிரி ஒருக்களித்துப் படுத்திருந்தது.

ஊரில் எல்லாருக்கும் கோபம் தலைக்கு ஏறும். ஈஸ்வரபாண்டிக்குக் காலுக்கு இறங்கும். இறங்கிவிட்டது. நடக்க ஆரம்பித்தார். கார்களைச் சுற்றினார். தண்ணீர்த் தொட்டியைச் சுற்றினார். வாட்ச்மேன் அம்மாவாசி நாற்காலியில் இருந்தார். அவரையும் ஒரு சுற்றுச் சுற்றினார். அம்மாவாசி கும்பிடுவதா, விபூதி கொடுப்பதா என்று தெரியாமல் முழித்தார்.

சாதாரண நாளிலேயே மனுஷர் உட்கார மாட்டார். சின்னமனூரில் உரக்கடையை மூடிவிட்டு இந்தக் குடியிருப்புக்கு வந்து இரண்டு வருஷம். அவர் வாங்கிப்போட்ட சோபாவில் இன்னும் பிளாஸ்டிக் உறை பிரிக்கவில்லை. இட்லியைப் பாதி ஹாலில் தின்பார், மீதி வாசலில். தூங்கும்போதும் கால் மட்டும் எங்கேயோ போய்க்கொண்டிருக்கும் என்று அவர் சம்சாரம் சங்கிலியம்மாள் சொல்வாள்.

"சங்கிலி! ஏ சங்கிலி! பாத்தியா அநியாயத்த?"

"பாத்தேன். கோலம் போடையிலயே பாத்தேன்."

"நான் லிஃப்ட்டுல ஏறுறேனா?"

"ஏறலை."

"மொட்டைமாடி லைட்டு எனக்கா எரியுது?"

"இல்லை."

"அப்பறம் என்ன எழவுக்கு எங்கிட்ட ரெண்டாயிரத்து இருநூறு?"

"காம்பவுண்டுக்குள்ள நீங்க நடக்குற நடையில சிமிட்டித் தரை தேஞ்சுபோச்சுல்ல. அதுக்கா இருக்கும்."

அவரைக்காய் நரம்பை உரித்துக்கொண்டே அவள் மெதுவாகச் சொன்னாள்: "எல்லாம் மேல இருக்கவுகளுக்குத்தாங்க. டேங்க்கு அவுக தலைக்கு மேல. லிஃப்ட்டு அவுகளுக்கு. காத்து அவுகளுக்கு. நம்ம வீடு என்ன, கடைமடைதான?"

ஈஸ்வரபாண்டி நின்றார். ஆமாம், நின்றார். வாசலில் போன பூனை ஒன்று அதைப் பார்த்துப் பயந்து ஓடியது.

கடைமடை என்ற சொல் அவருக்குள் போய் என்ன செய்யும் என்பது சங்கிலியம்மாளுக்குத் தெரியும். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் லோயர் கேம்ப்பில் இறங்கி, கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர் என்று வழிநெடுக வயல்களுக்கு வார்த்துக்கொண்டே வந்து, கடைசியில் களைத்துப்போய்ச் சேருகிற இடம் பழனிசெட்டிபட்டி. முதலில் குடிக்கிறவன் தலைமடை. மிச்சத்துக்குக் காத்திருக்கிறவன் கடைமடை. ஈஸ்வரபாண்டிக்கு அந்தக் கடைமடையில் வயல் இருந்தது. வாய்க்கால் சங்கத்துக்குத் தலைவராகவும் இருந்தார். தலைமடைக்காரர்களோடு அவர் போட்ட சண்டையில் பாதி வாய்க்கால் அவர் தொண்டைத் தண்ணியிலேயே ஓடியது என்பார்கள். இந்தக் குடியிருப்பும் பழனிசெட்டிபட்டியில், ஒரு காலத்தில் வயலாக இருந்த இடத்தில்தான் நிற்கிறது.

"இருபோகம் எடுக்குற தலைமடைக்காரன் வாய்க்கால் செலவுக்குக் கூடக் குடுக்கணும். கடைமடைக்காரன் கொறைச்சுக் குடுக்கணும். இதுதான எங்க வாய்க்கால் சட்டம்!" என்று கூவினார். "டேங்க்குத்தான் அணை. மூணாவது மாடி தலைமடை. நம்ம கடைமடை. எப்பிடி என் யோசனை?"

"உங்களுக்கு மட்டும் எப்பிடித்தான் தோணுதோ!" என்றாள் சங்கிலியம்மாள்.

அந்த வீட்டில் யோசனைகள் அப்படித்தான் கைமாறும்.

அடுத்த ஒரு வாரம் ஈஸ்வரபாண்டியின் கால்களுக்குப் பொற்காலம். நான்கு தளம், தளத்துக்கு மூன்று வீடு. தன் வீடு போக மீதிப் பதினோரு வீட்டுக் காலிங் பெல்லையும் தேய்த்துவிட்டார். கீழ்வீட்டுக்காரர்களுக்குக் கட்டணம் பாதியாகும் என்றார். முதல் மாடிக்காரர்களுக்குக் குறையும் என்றார். இரண்டாம் மாடிக்காரர்களுக்குக் கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது என்று சொல்லி, அதையே ஒரு சலுகை மாதிரி விற்றார். யூரியா விற்ற வாய்.

மூன்றாவது மாடியில் உத்தமபாளையத்து சம்சுதீன் பாய் இருந்தார். ஏலக்காய் வியாபாரி. அவர் வீட்டு பால்கனியில் நின்றால் மேகமலை முழுசாகத் தெரியும். கீழ்வீட்டுக் கொசுவுக்கும் காரின் புகைக்கும் தப்பிக்க, வீட்டுக்கு வீடு மாற்றிக்கொள்வோமா என்று சங்கிலியம்மாள் போன வருஷம் கேட்டதும், பாய் கூடுதலாக ரெண்டு லட்சம் கேட்டதும், "ரெண்டு லட்சத்துக்குக் காத்து வாங்கணுமா?" என்று ஈஸ்வரபாண்டி அந்தப் பேச்சைக் குழிதோண்டிப் புதைத்ததும் பழைய கதை.

கூட்டம் கார் நிறுத்துகிற இடத்தில் நடந்தது. பிளாஸ்டிக் நாற்காலி, டீ, ஒரு தாம்பாளம் நிறைய மிக்சர். ஈஸ்வரபாண்டி வாய்க்கால் சட்டத்தை விளக்கி முடித்ததும் சம்சுதீன் எழுந்தார்.

"மாப்ள, உனக்கு மண்டையில எதுவும் அடிபட்டிருச்சா? எங்க வீட்டுக் குழாய்ல தண்ணி தையல் நூல் மாதிரி வருது. உன் வீட்டுல தொறந்தா சுருளி அருவி! இதுல நான் தலைமடையா?"

"மாமா, வேகத்தப் பேசாதீக. வரிசையப் பேசுங்க. தண்ணி எங்கேருந்து கெளம்புது?"

"டேங்க்குலருந்து."

"டேங்க்குக்குக் கிட்டக்க யாரு இருக்கா?"

"நான்தான்."

"அவர் வாயாலயே ஒத்துக்கிட்டாருப்பா! எழுதுப்பா சுரேஷு!"

சுரேஷ்கண்ணன் வங்கியில் வேலை பார்க்கிற பிள்ளை. கணக்குத் தெரியும், வாய்க்கால் தெரியாது. எழுதிவிட்டார். கைகள் எழுந்தன. மேல்மாடி மூன்று வீட்டைத் தவிர எல்லாக் கையும் எழுந்தது. கீழ்வீட்டுக்கு ஆயிரம், மூன்றாவது மாடிக்கு மூவாயிரத்து எண்ணூறு. சட்டம் நிறைவேறியது. ஈஸ்வரபாண்டி தன் துண்டைத் தானே தோளில் போட்டுக்கொண்டார்.

"மூவாயிரத்து எண்ணூறா!" என்று சம்சுதீன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு லிஃப்ட்டுக்குப் போனார். பின்னாலேயே முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவர் வீட்டம்மா லத்திபா. அந்த அம்மாளுக்குக் கைத்தாங்கலாகச் சங்கிலியம்மாளும் மேலே போனாள். இளகிய மனசு என்று ஈஸ்வரபாண்டி நினைத்தார்.

வெற்றி பெற்ற மனுஷன் வீட்டில் கிடக்கலாமா? "உங்க வாய்க்கால் சங்கத்து ஆளுகளக் கூட்டிக்கிட்டு வைகை அணைப் பக்கம் போயி மீன் தின்னுட்டு வாங்க" என்று சங்கிலியம்மாளே ஞாயிற்றுக்கிழமை காலையில் வேனுக்குக் காசு கொடுத்து அனுப்பினாள். போனார். பொரித்த மீனை நின்றுகொண்டே தின்றார். கூட வந்தவர்களுக்குச் சட்டத்தை விளக்கினார். அணையையே நிமிர்ந்து பார்த்து, "நீயெல்லாம் எங்க டேங்க்குக்கு முன்னால..." என்கிற மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டு, வெயில் சாயத் திரும்பினார்.

செருப்பை வாசலில் விட்டார். கதவைத் தள்ளினார். உள்ளே அவருடைய ஹாலில், வேறொரு சோபாவில், சம்சுதீன் காலை நீட்டி உட்கார்ந்து சுலைமானி குடித்துக்கொண்டிருந்தார்.

"வா மாப்ள, உக்காரு. ஒரு டீ சாப்பிட்டுட்டு மேல போகலாம்."

"மேலயா? எங்க மேல?"

"உன் வீட்டுக்கு."

ஈஸ்வரபாண்டி வெளியே வந்து கதவு எண்ணைப் பார்த்தார். எண் சரியாகத்தான் இருந்தது. வீடுதான் மாறியிருந்தது. முதல் தடவையாக லிஃப்ட்டில் ஏறினார். மூன்றாவது மாடி பால்கனியில், பிளாஸ்டிக் உறை பிரிக்காத அவருடைய சோபாவில், தலைமுடி காற்றில் பறக்கச் சங்கிலியம்மாள் உட்கார்ந்திருந்தாள். எதிரே மேகமலை.

"ஏண்டி, என்னடி இது?"

"வந்துட்டீகளா? மீன் நல்லாருந்துச்சா?"

"மீனக் கேக்காத. வீடு எங்கடி?"

"இந்தா, இதான். லத்திபாக்காவுக்குக் கரண்டு போற அன்னைக்கு மாடி ஏற முடியல. பாய்க்கு மூவாயிரத்து எண்ணூறு கட்டப் பிடிக்கல. எனக்குக் கொசுக்கடி தாங்கல. நாங்க மூணு பேரும் பேசி முடிச்சோம். அக்ரிமெண்ட்டு போட்டாச்சு, அடுத்த வாரம் பத்திரம்."

"ஏங்கிட்டக் கேக்காம எப்பிடிப் போடுவ?"

"வீடு எம்பேர்லதான இருக்கு?"

இருந்தது. உரக்கடைக் கடன்காரர்கள் கண்ணில் படாமலிருக்க வீட்டை அவள் பேரில் எழுதிவைத்ததும் ஈஸ்வரபாண்டியின் சொந்த யோசனைதான். அது எப்படி அவருக்குத் தோன்றியது என்று இப்போது யோசித்துப் பார்த்தார். சரியாக ஞாபகம் வரவில்லை.

"போன வருசம் ரெண்டு லட்சம் கேட்ட மனுசன், இப்ப ஒத்தப் பைசா கேக்காம எறங்கிட்டாக. எல்லாம் உங்க சட்டத்தாலதான். ரெண்டு லட்சத்தச் சொளையா மிச்சம் பண்ணிக் குடுத்திருக்கீக!" என்று சங்கிலியம்மாள் மனசாரப் பாராட்டினாள். "கட்டணத்த மட்டும் மாசாமாசம் நீங்க பாத்துக்கங்க."

கோபம் காலுக்கு இறங்கியது. ஆனால் மூன்றாவது மாடியில் எங்கே நடப்பது? பால்கனிக்கு நாலு எட்டு, அடுப்படிக்கு ஆறு எட்டு. கூண்டுக்குள் விட்ட கீரி மாதிரி திரும்பித் திரும்பி வந்தார். குளிக்கப் போய்ச் சோப்பைத் தேய்த்துவிட்டுக் குழாயைத் திறந்தால், தையல் நூல்கூட இல்லை, சிலந்தி நூல். நுரையோடு நின்றபடியே ஒரு முடிவுக்கு வந்தார். சட்டத்தை ரத்து செய்ய வேண்டும். பத்திரம் பதிவதற்குள் செய்ய வேண்டும்.

மறுபடியும் காலிங் பெல். மூன்றாவது மாடியின் மற்ற இரண்டு வீடும் கேட்பதற்குள் சரி என்றன. இரண்டாவது மாடி மூன்று வீட்டுக்கும் கம்பம் பன்னீர் திராட்சை பெட்டி பெட்டியாக இறங்கியது. சரி என்றார்கள். முதல் மாடியில் ஒரு வீட்டுக்காரருக்கு நெஞ்சு உருகுகிற மாதிரி தன் குளியலைப் பற்றிச் சொன்னார். மனுஷர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சரி என்றார். ஆறு. தன் கையோடு ஏழு. பன்னிரண்டில் ஏழு போதும்.

அதே கார் நிறுத்துகிற இடம். அதே தாம்பாளம். ஈஸ்வரபாண்டி எழுந்தார்.

"வாய்க்கால் வேற, குழாய் வேற. மண்ணுல ஓடுற தண்ணிக்கும் பைப்புல எறங்குற தண்ணிக்கும் வித்தியாசம் தெரியாத எவனோ போட்ட சட்டம் இது!"

"அந்த எவன் நீதான் மாப்ள" என்றார் சம்சுதீன். கீழ்வீட்டுக்காரர்களோடு முன்வரிசையில் இருந்தார். "வேகத்தப் பேசாத. வரிசையப் பேசு. தண்ணி எங்கேருந்து கெளம்புது?"

"மாமா, அத விடுங்க."

"டேங்க்குக்குக் கிட்டக்க யாரு இருக்கா?"

கூட்டம் சிரித்தது. சம்சுதீன் சிரிக்கவில்லை. "இங்க பாருங்கப்பா, கீழ்வீட்டுக்குக் கட்டணம் ஏறுச்சுன்னா நான் பத்திர ஆபீசுக்கு வரமாட்டேன். சாமானத் தூக்கிக்கிட்டுப் பழையபடி மேல போயிருவேன். ரெண்டு லட்சம் பேச்சும் பழையபடிதான்."

ஈஸ்வரபாண்டிக்கு அது தேனாகக் காதில் விழுந்தது. போகட்டுமே! அதைத்தானே அவரும் கேட்கிறார்! பழைய வீடு, பழைய அருவி, நடப்பதற்குப் பழைய தரை.

"பேச்சு போதும், ஓட்டுக்கு விடு சுரேஷு!"

"சட்டத்த ரத்து பண்ணணும்கிறவக கையத் தூக்குங்க" என்றார் சுரேஷ்கண்ணன்.

மேல்மாடியில் இரண்டு. இரண்டாம் மாடியில், திராட்சைக்கு நன்றியோடு, மூன்று. முதல் மாடியில் ஒன்று. ஈஸ்வரபாண்டி தன் கையை, கூரையில் எரிகிற டியூப்லைட்டைத் தொடுகிற உயரத்துக்குத் தூக்கினார். தூக்கிய கையோடு திரும்பி, ஜெயித்துவிட்டோம் என்று எல்லாரையும் ஒரு பார்வை பார்த்தார்.

சுரேஷ்கண்ணன் எண்ணினார். இன்னொரு தடவை எண்ணினார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆறுதாண்ணே வருது."

"ஏலே, கண்ணு தெரியலையா? நான் தூக்கியிருக்கேன்ல!"

"ஓட்டு ஓனருக்குத்தாண்ணே. ஓனரம்மா கை மிக்சர் தட்டுல இருக்கு."