செக்கிங் அத்தை கப்பலேறிய கதை

கடவுளே நேரில் வந்து நின்றாலும், மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இடது தோள்பட்டை ஒரு நூல் எறக்கமா இருக்குதுங்க, ஆல்ட்டர் பண்ணிக் கொண்டாங்க" என்று திருப்பி அனுப்பக்கூடிய ஒரே ஆள் திருப்பூரில் செக்கிங் அத்தைதான்.

இரண்டாயிரங்களின் நடுவில் அவிநாசி ரோட்டில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் எனக்கு வேலை. விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வந்தவள் நான். வெளிநாட்டு வியாபாரிகள் அனுப்பும் மெயிலுக்குப் பதில் எழுதுவதும், அவர்கள் கோபத்தைத் தமிழிலும் முதலாளியின் கோபத்தை ஆங்கிலத்திலும் மொழிபெயர்ப்பதும் என் பொறுப்பு. தைத்த துணியைச் சரிபார்க்கும் செக்கிங் பிரிவைப் பார்த்துக்கொண்ட செக்கிங் அத்தை, முதலாளியின் அப்பாவுக்குத் தங்கை. முதலாளிக்கு அத்தை என்பதால் டெய்லர்களுக்கும் அத்தை, வாட்ச்மேனுக்கும் அத்தை, பீகாரிலிருந்து வந்து அயர்ன் டேபிளில் நின்ற பையன்களுக்கு 'அத்தைஜி'.

தைத்து முடித்த துணியில் பிசகு இருந்தால் அந்த இடத்தைக் காட்ட ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மற்றவர்கள் அதைத் துணியில் ஒட்டுவார்கள். அத்தை உலகத்தின் மேல் ஒட்டுவார். கேன்டீன் வடையில் ஒட்டியிருக்கிறார். கோணலாக மாட்டிய முருகன் காலண்டரில் ஒட்டியிருக்கிறார். உறவினர் ஒருவர் மாப்பிள்ளை போட்டோவைக் காட்டியபோது பையனின் மீசைக்கு நேராக ஒன்று ஒட்டிக் கொடுத்தார் என்பார்கள். நான் நேரில் பார்க்கவில்லை. ஆனால் அந்தச் சம்பந்தம் நடக்கவில்லை.

நன்றாக இருக்கிறது என்று அவர் சொல்லி யாரும் கேட்டதில்லை. குறை இல்லாத துணி கிடைத்தால் பெருமூச்சு விட்டு அடுத்ததை எடுப்பார், அவ்வளவுதான்.

இந்த மனுஷியை மத்தியதரைக் கடலில் சொகுசுக் கப்பலுக்கு அனுப்பியது எங்கள் முதலாளியின் தந்திரம். சொன்ன தேதிக்குச் சரக்கு ஏற்றிவிட்டோம் என்ற மகிழ்ச்சியில் ஒரு ஜெர்மன் வியாபாரி, இரண்டு பேருக்குக் கப்பல் பயணம் பரிசாகக் கொடுத்திருந்தார். அதுவும் சூட் ரூம். முதலாளியும் அவர் மனைவியும் போவார்கள் என்று எல்லோரும் நினைத்தோம். அவரோ என்னைக் கூப்பிட்டு, "நீங்களும் அத்தையும் போய்ட்டு வாங்க" என்றார்.

"சார், நீங்க போகலையா?"

"நான் போனா ஃபேக்டரி நின்னுரும். அத்தை போனா ஓடும். யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். அவர் ஏன் முதலாளி, நான் ஏன் சம்பளக்காரி என்பது விளங்கியது. அத்தையை வழியனுப்ப வாசலில் கூடிய டெய்லர் கூட்டம் மாதிரி நான் எந்தக் கல்யாணத்திலும் பார்த்ததில்லை. ஒவ்வொருவர் முகத்திலும் அப்படி ஒரு மனநிறைவு.

பாஸ்போர்ட் எடுத்தபோதுதான் அத்தைக்கு ஒரு பெயர் இருப்பதே தெரிய வந்தது. அது அவருக்கே புதிதாக இருந்தது போல. ஏர்போர்ட்டில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது திரும்பி, வேறு யாரையோ தேடினார்.

பார்சிலோனாவில் கப்பலேறினோம். கப்பல் என்றால் கப்பலா அது? திருப்பூர் பழைய பஸ் ஸ்டாண்டை அப்படியே தூக்கி உள்ளே வைத்தாலும் மூலையில் கிடக்கும். எங்கள் சூட்டில் ஹால் தனி, படுக்கையறை தனி, கடலைப் பார்த்தபடி பால்கனி, அதில் சாய்வு நாற்காலிகள். இத்தனைக்கும் மேல் எங்களுக்கென்று ஒரு பட்லர். பெயர் ரோடெல். பிலிப்பைன்ஸ்காரர், நாற்பதைத் தாண்டியவர், வெள்ளைக் கையுறை, எப்போதும் பாதி குனிந்த முதுகு.

பெட்டியைத் திறந்து துணிகளை அலமாரியில் அடுக்கித் தரட்டுமா என்று ரோடெல் ஆங்கிலத்தில் கேட்டார். நான் தமிழில் சொன்னேன்.

"எதுக்குங் கண்ணு? கஸ்டம்ஸா?" என்றார் அத்தை.

"இல்லத்தை, இது அவர் வேலையாம். நமக்கு எல்லாம் அவரே செய்வாராம்."

"நம்மளுக்குக் கை இல்லீன்னு நெனச்சுப்போட்டாரா?" அத்தை ரோடெலைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டார். "நீங்க போய் உக்காருங் தம்பி. நாங்க பாத்துக்கறோம்." ரோடெல் பதிலுக்குக் கும்பிட்டார். உட்காரவில்லை.

அன்று தொடங்கியது போர். காலையில் ரோடெல் வருவதற்கு முன்பே அத்தை எழுந்து, படுக்கை விரிப்பை உதறிப் போட்டு, குடித்த கப்பைக் குளியலறையில் கழுவிக் கவிழ்த்து, தரையைக்கூட ஒரு துண்டால் துடைத்து வைத்துவிடுவார். ரோடெல் தள்ளுவண்டியோடு வந்து நடு ரூமில் நின்று, செய்ய ஒன்றுமில்லாமல் ஏற்கெனவே நேராக இருந்த பூச்சாடியை இன்னும் நேராக வைப்பார். மாலையில் அவர் தலையணை மேல் ஒரு சாக்லேட் வைத்துவிட்டுப் போவார், அங்கே அது வழக்கம். அத்தை அதை எடுத்துக்கொண்டு வராந்தாவில் அவர் பின்னாலேயே ஓடுவார். "தம்பி! தம்பி! உங்க மிட்டாயை மறந்துபோட்டுப் போறீங்க பாருங்க!"

காலை உணவுக்கு வெள்ளி மூடி போட்ட தட்டு வந்தது. ரோடெல் ஒரு மந்திரவாதி போல மூடியைத் தூக்கினார். அத்தை எட்டிப் பார்த்தார். "இத்தாப் பெரிய மூடி. உள்ளார ஒத்த முட்டை." பிறகு தன் கைப்பையிலிருந்து பருப்புப் பொடி டப்பாவை எடுத்தார்.

கூடவே ஸ்டிக்கர் ரோலும் வெளியே வந்தது. வேலைக்கு லீவு விட்டாலும் கண்ணுக்கு லீவு விட அவருக்குத் தெரியாது. மெத்தை விரிப்பின் ஓரத்தில் நூல் தொங்குகிறது, ஒரு அம்பு. குளியல் அங்கியின் பாக்கெட் கோணல், ஒரு அம்பு. திரைச்சீலையில் ஒரு தையல் விட்டிருக்கிறது, அங்கே ஒன்று. திரைச்சீலை அம்பைப் பார்த்த ரோடெல் குழம்பிப் போனார். அம்பு காட்டிய திசையில் ஜன்னல் இருந்தது, ஜன்னலுக்கு வெளியே கடல் இருந்தது. எட்டிப் பார்த்துவிட்டு, "பியூட்டிஃபுல், மேடம்" என்று ஒப்புக்கொண்டார்.

மார்சேய் துறைமுகத்தில் இறங்கி மீன் கடை ஓரமாக நடந்தோம். அத்தை ஒரு மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து, தமிழிலேயே பேரம் பேசி, கடைக்காரி பிரெஞ்சில் பாதி விலைக்கு இறங்கி வந்த பிறகு, "கப்பல்ல அடுப்பு இல்லீங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார். கடைக்காரி சொன்னது எனக்குப் புரியவில்லை. புரியாததே நல்லது.

மறுநாள் இத்தாலியின் லிவோர்னோவில் இறங்கி பஸ் பிடித்து, பைசாவின் சாய்ந்த கோபுரத்துக்குப் போனோம். புல்வெளி முழுக்க ஆட்கள் கையை நீட்டிக்கொண்டு நின்றார்கள். கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பது போல போட்டோ எடுப்பதற்கு. அத்தைக்கு அது தெரியாது.

"பாவம், எல்லாருஞ் சேந்து நிமுத்தப் பாக்கறாங்க" என்றார். கொஞ்ச நேரம் கோபுரத்தையே பார்த்தார். "இதை யாருங் கண்ணு பாஸ் பண்ணுனது?"

நான் தண்ணீர் பாட்டில் வாங்கிக்கொண்டு திரும்புவதற்குள் கம்பி வேலியில் ஓர் அம்பு ஏறியிருந்தது, பக்கத்தில் ஒரு காவலரும் வந்திருந்தார். விசா, ஜெயில், முதலாளி என்று வரிசையாக எல்லாம் கண்முன் வந்து போயின. காவலர் அம்பைப் பார்த்தார், அது காட்டிய கோபுரத்தைப் பார்த்தார், அத்தையைப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்து, ஸ்டிக்கரை உரித்து, அந்தப் பக்கம் திரும்பி நின்ற இன்னொரு காவலரின் முதுகில் ஒட்டிவிட்டுப் போனார்.

சிரித்துக்கொண்டே கப்பலுக்குத் திரும்பினோம். எங்கள் சூட் வாசலில் சீருடை அணிந்த உயரமான அம்மாள் ஒருவர் நின்றிருந்தார். கப்பலின் தங்கும் வசதிகளுக்கெல்லாம் மேலாளர். அவர் கையில் எங்கள் குளியல் அங்கி, அதில் சிவப்பு அம்பு. பின்னால் ரோடெல், முகம் தொங்கிப் போய் நின்றார்.

மேலாளர் மிகவும் பணிவாகப் பேசினார். விருந்தாளி தன் படுக்கையைத் தானே விரித்துக்கொள்கிறார் என்றால் எங்கள் சேவை சரியில்லை என்று அர்த்தம். சாக்லேட்டைக்கூடத் திருப்பிக் கொடுத்திருக்கிறீர்கள். அறை முழுக்க புகார் ஒட்டியிருக்கிறீர்கள். மன்னிக்க வேண்டும், பட்லரை மாற்றிவிடுகிறோம் என்றார். ரோடெல் என்ன ஆவார் என்று கேட்டேன். சூட் வேலையிலிருந்து எடுத்துக் கீழ்த் தளத்துக்கு அனுப்பிவிடுவார்களாம்.

நான் தமிழில் சொல்லச் சொல்ல அத்தையின் முகம் வெளுத்தது.

"ஐயோ, நான் துணியைத்தானுங்க சொன்னேன்! ஆளைச் சொல்லலீங்களே!"

அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டார். "அந்தத் தம்பி மேல ஒரு குத்தமும் இல்லீங்க. குத்தமெல்லாம் என்ற கண்ணுலதானுங்க. சொல்லு கண்ணு, நல்லா வெவரமாச் சொல்லு."

விவரமாகச் சொன்னேன். மேலாளர் முழுதாக நம்பினாற்போல் தெரியவில்லை. சரி, ரோடெல் தொடரட்டும், பயணம் முடியும்போது உங்கள் கருத்தைக் கேட்கிறோம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அத்தை வெகுநேரம் பால்கனியில் நின்றார். பிறகு உள்ளே வந்து, விரதத்துக்குச் சங்கல்பம் செய்பவர் போல அறிவித்தார். "நாளைக்கு அந்தத் தம்பி என்ன பண்ணுனாலும் நான் ஒண்ணுஞ் சொல்லாம உட்டுப்போடறேன்."

மறுநாள் கப்பல் நேப்பிள்ஸில் நின்றது. எல்லோரும் இறங்கி ஓடினார்கள். அத்தை படுக்கையை விட்டு எழவில்லை. ரோடெல் தட்டோடு வந்து, மடியில் ஒரு குட்டி மேசையை வைத்தார்.

"படுக்கையில உக்காந்து திங்கறதா? நான் என்ன சீக்காளியா?" என்று என்னிடம் மட்டும் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். ரோடெலைப் பார்த்துச் சிரித்தார். காபியை அவரே ஊற்றும்படி விட்டார். ரொட்டியில் வெண்ணெய் தடவும்படி விட்டார். போர்வைக்குள் அத்தையின் கைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு மட்டும் தெரிந்தது. ஒருமுறை விரல் தானாக நழுவி விரிப்பின் ஓர நூலைத் தேடிப் போனது. என்னைப் பார்த்துவிட்டு உள்ளே இழுத்துக்கொண்டார்.

அதன்பின் பால்கனியில் சாய்வு நாற்காலி போட்டு, காலுக்கு ஒரு சிறு தலையணை, தோளுக்கு ஒரு சால்வை, குடிக்க எலுமிச்சைத் தண்ணீர். ரோடெல் சால்வையின் ஓரத்தைச் சொருகிவிட்டபோது அத்தை கண்ணை இறுக மூடிக்கொண்டார், ஊசி போட்டுக்கொள்ள வந்தவர் போல.

ரோடெல் போன பிறகு அத்தை மெல்லச் சொன்னார். "கல்யாணமாகி சேவூர்ல இருந்தப்பவும் செரி, அவரு போனப்பொறவு அண்ணன் ஊட்டுக்கு வந்தப்பவும் செரி, நான் உக்காந்து இன்னொருத்தரு எனக்கு எடுத்து வெச்சதில்லீங் கண்ணு. பழக்கமில்லீல்ல. கை என்ன பண்றதுன்னு தெரியாம முழிக்குது."

எலுமிச்சைத் தண்ணீரை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தி வைத்தேன். கடலைப் பார்த்தேன். திரும்பிப் பார்த்தபோது அத்தை தூங்கியிருந்தார். பட்டப்பகலில், வாயை லேசாகத் திறந்துகொண்டு, குறட்டையோடு. கம்பெனியில் அவர் உட்கார்ந்தே நான் பார்த்தது அபூர்வம்.

மதியம் எழுந்ததும் புது ஆளாக இருந்தார். "வா கண்ணு, ஊரைப் பாக்கலாம்" என்று இறங்கினார். நேப்பிள்ஸின் சந்துகளில் மாடிக்கு மாடி கொடி கட்டித் துணி காயப்போட்டிருந்தார்கள். அத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்து ஒரு ஸ்கூட்டரில் இடித்துக்கொண்டார். கம்பெனி ஞாபகம் வந்துவிட்டது, போன் பண்ண வேண்டும் என்றார். ஒரு போன் கடைக்குள் நுழைந்தோம்.

முதலாளி உற்சாகமாகப் பேசினார். "எல்லாம் அருமையா ஓடுதுங்கத்தை. நீங்க நிதானமா வாங்க. கப்பல் லேட்டானாலும் பரவாயில்லீங்க." அத்தைக்குச் சந்தேகம் வந்து, "என்ன, ரொம்பச் சந்தோசமா இருக்கறாப்ல இருக்குது?" என்று கேட்பதற்குள் லைன் அறுந்துபோனது.

பக்கத்துக் கூண்டில் பழக்கமான ஒரு முதுகு. ரோடெல்! ஓய்வு நேரத்தில் வீட்டுக்குப் பேச வந்திருந்தார். எங்களைக் கண்டு பதறி எழுந்தார். மறுமுனையில் யார் என்று சைகையில் கேட்டார் அத்தை. மனைவி என்றார் ரோடெல். அவ்வளவுதான், ரிசீவர் கை மாறியது.

"அம்மணி, நல்லா இருக்கறீங்களா? நான் கப்பல்ல இருந்து பேசறனுங்க. உங்க ஊட்டுக்காரரு தங்கமான மனுசனுங்க. என்ற கூடப் பொறந்தவனாட்டம் பாத்துக்கறாருங்க. நீங்க ஒண்ணும் கவலப்படாதீங்க."

அந்தப் பக்கத்திலிருந்து அவர்கள் மொழியில் ஏதோ வந்தது. அத்தை "ஆமாங்க, ஆமாங்க" என்றார். குழந்தைகளைப் பற்றிக் கேட்டார், மழை பெய்கிறதா என்று கேட்டார். இரண்டு பேரும் மாறி மாறிப் பேசினார்கள், சேர்ந்து சிரித்தார்கள். இவ்வளவு பேச்சில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரிந்திருக்காது. மொழிபெயர்க்க நான் தயாராகத்தான் நின்றேன், யாரும் என்னைக் கூப்பிடவில்லை. ரிசீவரைத் திரும்ப வாங்கிய ரோடெல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டு கையுறை இல்லாத கையால் கண்ணைத் துடைத்தார்.

பயணத்தின் கடைசிக் காலை, மேலாளர் அம்மாள் வந்து கருத்துக் கேட்டார். நான் ஒரு நல்ல ஆங்கில வாக்கியத்தைத் தயார் செய்து வைத்திருந்தேன். அத்தை என்னைக் கையமர்த்திவிட்டு முன்னால் வந்தார். தொண்டையைச் செருமினார். நெற்றியில் வியர்வை.

"நல்லா இருந்துச்சுங்க," என்றார். மூச்சு வாங்கி, இன்னொரு முறை சொன்னார். "ரொம்ப நல்லா இருந்துச்சுங்க."

நான் இன்னும் மொழிபெயர்க்கவில்லை. ஆனால் அந்த அம்மாளுக்குப் புரிந்துவிட்டது. ரோடெலின் தோளைத் தட்டிக் கொடுத்துவிட்டுப் போனார். சூட் வேலை அவருக்கே என்பது அதிலேயே தெரிந்தது.

திருப்பூர் திரும்பியதும் அத்தை திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். இல்லை. முதல் நாளே ஒரு பண்டல் டி-ஷர்ட்டைத் திருப்பி அனுப்பினார். ஒரே ஒரு வித்தியாசம், அந்த பண்டலோடு டெய்லரின் மெஷின் வரைக்கும் தானே நடந்துபோய், "சாப்பிட்டீங்களா தம்பி?" என்று கேட்டுவிட்டு அப்புறம்தான் குறையைச் சொன்னார். அதைக் கேட்டு அந்த டெய்லர் வேலை போய்விட்டது என்றே நினைத்துப் பயந்துவிட்டார்.

பிறகு எனக்குக் கல்யாணம் நிச்சயமானது, வேலையை விட்டேன். விருதுநகர்க் கல்யாணத்துக்கு அத்தை பஸ் ஏறித் தனியாக வந்திருந்தார். பந்தியில் என் இலைக்கு நேராகக் குனிந்து, யாரிடமிருந்தோ வாங்கிய கரண்டியால் அவரே எனக்குச் சாம்பார் ஊற்றினார், பொரியல் வைத்தார், மறுபடி சோறு போட்டார். எனக்கு அப்போதே வயிறு நிறைந்திருந்தது. போதும் என்று சொல்ல மனம் வராமல், அவர் வைத்த கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன்.