பதக்கத்தின் தற்போதைய உடைமையாளர்

போர்க்களத்தில் ஒருவன் காட்டும் வீரம் மிஞ்சிப்போனால் பத்து நிமிடம். அந்த வீரம் தவறிப்போய் ஒரு பதிவேட்டில் ஏறிவிடாதபடி ஆண்டுக்கணக்கில் காவல் நிற்கும் வீரத்தை உலகம் இன்னும் சரியாக உணரவில்லை. உணரும் நாளில், சங்கரன்கோவில் ராஜபாளையம் சாலையில், உரக்கடைக்கு மேலே மாடியில் இருந்த எங்கள் 'முன்னாள் படைவீரர் குறைகேட்புக் கிளை'க்குத்தான் முதல் சிலை. அந்த அலுவலகம் இப்போது இல்லை. குறைகளையெல்லாம் கேட்டு முடித்துவிட்டதால் மூடிவிட்டார்கள் என்று நினைக்கிறேன்.

நான் அங்கே தட்டச்சராக இருந்தேன். பெயர் கனகமணி. எங்கள் கண்காணிப்பாளர் தேவசுந்தரம் சார். அவர் தம் வாழ்நாளில் ஒரு மனுவைக்கூட நிராகரித்ததில்லை. நிராகரித்தால் விஷயம் முடிந்துவிடும். முடிப்பதற்கு நாங்கள் யார்? 'மேலும் விவரம் கோரப்படுகிறது' என்று எழுதுவார். மனுதாரருக்கு நம்பிக்கை இருக்கும், எங்களுக்கு வேலை இருக்கும்.

1979 மே மாதம் கரிவலம்வந்தநல்லூரிலிருந்து மருதப்பன் வந்தார். ஆடு வளர்ப்பவர், அதற்கு முன்னால் பட்டாளத்தில் சிப்பாய். எழுபத்தொன்று டிசம்பரில், கிழக்கே ஏதோ ஓர் ஆற்றங்கரையில், குண்டு பட்டுக் கிடந்த இரண்டு பேரை ஒருவர் பின் ஒருவராகத் தோளில் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். இரண்டாவது ஆளோடு வரும்போது வலது கையில் இரண்டு விரல்கள் போயின. அதற்காக அவருக்கு ஒரு பதக்கம் கொடுத்தார்கள். ஆனால் பதக்கம் அறிவிக்கப்படுவதற்கு முன்பே அவருடைய டிஸ்சார்ஜ் புத்தகத்தை எழுதி முடித்திருந்தார்கள். 'விருது: இல்லை' என்று இருந்தது. எழுதியவர் அதே வேகத்தில் 'காயம்: இல்லை' என்றும் எழுதியிருந்தார்.

"இதத் திருத்தித் தரணும் சார்," என்றார் மருதப்பன். "மக இசக்கித்தாயி எஸ்.எஸ்.எல்.சி. பாஸ் பண்ணியிருக்கா. விருது வாங்குன பட்டாளத்தான் பிள்ளைகளுக்கு டீச்சர் டிரெயினிங்ல ஒரு எடம் வச்சிருக்காவளாம். ஜூலை முப்பத்தொண்ணுக்குள்ள புத்தகத்தக் காட்டணுமாம்."

சார் புத்தகத்தைப் புரட்டினார்.

"காயத்துக்கு என்னவே ஆதாரம்?"

மருதப்பன் வலது கையை விரித்து மேசைமேல் வைத்தார்.

"இது ஆதாரமில்லவே. இது இல்லாத விரலு. இல்லாதத நான் எப்படி மனுவோட இணைச்சு அனுப்புவேன்? முன்னால இருந்துச்சுங்கறதுக்கு ஏதும் வச்சிருக்கீரா?"

"பொறக்கும்போதே இருந்துச்சே சார்."

"அது உம்ம வாய்மொழி. சரி, பதக்கத்தையாவது கொண்டாரும்."

மருதப்பன் கையை எடுத்துத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"அது கோமதியம்மன் உண்டியல்ல இருக்கு சார்."

சார் பேனாவை மூடினார்.

மறுநாள் விளக்கம் அளிப்பதற்காக மனைவி முப்பிடாதியம்மாளை அழைத்துவந்தார். அந்த அம்மாள் கொடுத்த வாக்குமூலத்தை நான்தான் தட்டச்சு செய்தேன். அதைவிடத் தர்க்கபூர்வமான ஓர் ஆவணம் அதற்குப் பிறகு என் இயந்திரத்தின் வழியே போகவில்லை.

"வீட்டுக்குள்ள பூச்சிபொட்டு வராம இருக்க, வெள்ளியில பாம்பு, தேளு வாங்கி உண்டியல்ல போடுவாவல்லா ஐயா. இவிய சண்டைக்குப் போனப்ப, ஆளு முழுசாத் திரும்பினா வெள்ளியில ஏதாச்சும் போடுதேன்னு ஆத்தாளுக்கு நேந்துக்கிட்டேன்."

"முழுசாத் திரும்பலியே? ரெண்டு விரலு கொறையுதே?"

"மிச்சத்தக் குடுத்துட்டாள்லா. அவகிட்டப் போயி ரெண்டு விரலுக்கு வழக்குப் பேசுவேனா? வெள்ளி வாங்க வக்கில்லாம ரெண்டு வருசம் தள்ளிப்போச்சு. இவியளும் ராஜபாளையத்துல மில்லு வாட்ச்மேனாப் போயிட்டாவ. அப்பம் பாத்து தபால்ல ஒரு டப்பா வருது. தொறந்தா வெள்ளி மாதிரி மின்னுது. நானோ நேந்துக்கிட்டத யார்கிட்டயும் சொல்லல. சொல்லாமலே சர்க்காரு வெள்ளி அனுப்புதுன்னா யாருக்கு அனுப்புது? ஆத்தாளுக்குத்தான். ஆடித்தபசு அன்னைக்குக் கொண்டாந்து போட்டுட்டேன்."

"கூட ஒரு தாளு வந்திருக்குமே?" என்று நான் கேட்டேன்.

"வந்துச்சும்மா. நல்ல கெட்டித் தாளு. குலுக்கையில எலி ஓட்டை போட்டுத் தானியம் கொட்டிக்கிட்டு இருந்துச்சு. அத வச்சு ஒட்டினேன். எலி தாளையும் சேத்துத் தின்னுட்டு."

"டெல்லியில இருந்து முத்திர போட்டு வந்த தாளுட்டி அது," என்றார் மருதப்பன்.

"எலிக்கு அது தெரியுமா?" என்றாள் முப்பிடாதியம்மாள். பிறகு என் பக்கம் திரும்பி, சத்தத்தைக் குறைத்துச் சொன்னாள்: "ஊருக்கு வந்ததும் சொன்னேம்மா. அடிக்கக்கூட இல்ல. ரெண்டு நாளு எங்கூடப் பேசல. அதான் எனக்கு ஆறல."

இந்தக் கடைசிப் பகுதியை நான் தட்டச்சு செய்யவில்லை. படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

படிவத்தின் ஏழாவது கட்டம் 'பதக்கத்தின் தற்போதைய உடைமையாளர்'. அதன் கீழே, 'உடைமையாளரின் ஒப்புதல்'. தேவசுந்தரம் சார் எங்கள் சபையில் மூப்பர். ஞாயிற்றுக்கிழமை வேதபாடம் வாசிப்பவர். ஆனால் அரசாங்க வேலை என்று வந்துவிட்டால் அவர் எந்தத் தெய்வத்துக்கும் பாரபட்சம் காட்டியதில்லை. எல்லாரிடமும் கையெழுத்துக் கேட்பார். ஏழாவது கட்டத்தில் 'அருள்மிகு கோமதி அம்பாள்' என்று தம் கையாலேயே எழுதி, ஒப்புதல் பெற்றுவர மருதப்பனுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார்.

மருதப்பன் சன்னிதியில் சிவப்பும் வெள்ளையுமாகப் பூப் பொட்டலம் போட்டுப் பார்த்துவிட்டு வந்தார்.

"வெள்ளப்பூ வந்துட்டு சார். ஆத்தா சரின்னுட்டா."

"எழுத்துமூலமா ஏதும்?"

"அவ பூதான சார் குடுப்பா."

சார் வெகுநேரம் யோசித்தார். பிறகு அந்தப் பூவைக் கோப்பில் குண்டூசியால் குத்தச் சொன்னார். 'இணைப்பு: பூ, வெள்ளை, ஒன்று' என்று தட்டினேன். மூன்று படிகள். மற்ற இரண்டு படிகளுக்கு உரக்கடைக்காரர் வீட்டு நந்தியாவட்டையிலிருந்து பறித்துக்கொண்டோம்.

ஜூன் நடுவில், கூப்பிடாமலே கோயில் எழுத்தர் சங்கரசுப்பிரமணியன் படியேறி வந்தார். மருதப்பன் சன்னிதியில் நின்று அழுததை யாரோ சொல்லியிருக்கிறார்கள். எழுபத்து நான்காம் ஆண்டு உண்டியல் திறப்புப் பட்டியலின் நகல் ஒன்றைச் சாரிடம் நீட்டினார். பாம்பு இத்தனை, தேள் இத்தனை, கண்மலர் இத்தனை என்று போய், நூற்றுப் பதினான்காவது இனமாக, 'வட்டப் பதக்கம், நாடாவுடன், ஒன்று. வெள்ளி என்று உறுதியில்லை, உருக்கவில்லை. பெட்டகத்தில் உள்ளது. விளிம்பில் வெட்டியிருப்பது' என்று தொடங்கி, மருதப்பனின் படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு எல்லாம் ஓர் எழுத்துப் பிசகாமல் இருந்தன.

"விளிம்புல இருந்ததையுமாவே எழுதுனீரு?" என்றார் சார், வியப்பு தாங்காமல்.

"எழுத்து இருந்தா எழுதணும்லா அண்ணாச்சி?"

இந்த மாதிரி எளிமை அரசு அலுவலகங்களுக்குப் பரவினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்க்கவே எனக்கு நடுக்கமாக இருந்தது. சாருக்கும் இருந்திருக்கவேண்டும்.

"இது காணிக்கைப் பதிவு," என்றார். "நமக்கு வேண்டியது விருதுப் பதிவு. ரெண்டும் வேற. ஆனாலும் இணைச்சு அனுப்புதேன்."

"அதுவும் சரிதான்," என்றார் சங்கரசுப்பிரமணியன், செருப்பை மாட்டிக்கொண்டே. "ஆனா மெடலு குடுத்தவன் உங்க ஆபீசுக்கு ஒரு கடிதாசி போடாமலா இருந்திருப்பான்? எழுபத்தி நாலு கட்ட அவுத்துப் பாருங்க அண்ணாச்சி. எங்கனயாவது கெடக்கும்."

சார் அவிழ்க்கவில்லை. மறுநாள் மதியம், அவர் சாப்பிடப் போயிருந்தபோது, நான் அவிழ்த்தேன்.

'முடிந்தவை, 1974' என்ற கட்டில், மேலிருந்து நான்காவது தாள். மேற்படி சிப்பாய்க்கு விருது வழங்கப்பட்டுப் பதக்கம் அஞ்சலில் அனுப்பப்பட்டுள்ளது. அவரிடமிருந்து டிஸ்சார்ஜ் புத்தகத்தைப் பெற்று, காயம், விருது ஆகிய இரு கட்டங்களையும் திருத்த அனுப்பிவைக்கவும். அதன் ஓரத்தில் மிக அழகான கையெழுத்தில், 'பார்த்தேன். நடவடிக்கை தேவையில்லை. முடிக்கலாம். க. 20.7.74.'

'க' என்பது நான்.

முதலில் எனக்கு வந்தது குற்ற உணர்ச்சி இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். அதற்கடுத்து, அந்த வயதில் என் எழுத்து எவ்வளவு நன்றாக இருந்தது என்று நினைத்தேன். அதற்கும் பிறகுதான் அந்தச் சனிக்கிழமை ஞாபகத்துக்கு வந்தது. வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம். மூன்று மணிப் பேருந்தில் பாளையங்கோட்டைக்குப் போகவேண்டியிருந்தது. என்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். பதக்கம்தான் நேரே அவருக்கே போய்விட்டதே, இனி என்ன என்று எழுதித் தள்ளிவிட்டு ஓடியிருக்கிறேன். வந்த மாப்பிள்ளை வீட்டாரும் மேலும் விவரம் கேட்டுவிட்டுப் போனவர்கள்தான், திரும்பி வரவில்லை.

தாளைச் சாரிடம் காட்டினேன். அவர் அதைக் கையில் வாங்கவில்லை. மேசையில் வைக்கச் சொல்லிக் குனிந்து படித்தார்.

"ஏம்மா கனகமணி, இத வேற யாரும் பாத்தாவளா?"

"இல்ல சார்."

"இது வெளிய போனா அஞ்சு வருசம் என்ன செஞ்சீங்கன்னு உன்கிட்ட விளக்கம் கேப்பாவ. ஆகஸ்டுல உன் பிரமோஷன் பேப்பரு வருது. விளக்கம் பாக்கியிருந்தா பேப்பரு நின்னுரும். எதுக்கும் நாம புதுசா ஒரு மனு அனுப்பியிருக்கோம். அது அதோட வழியில போவட்டும். நான் ஒண்ணும் சொல்லல. உன் மனச்சாட்சிப்படி செய்யி."

இவ்வளவு சுதந்திரம் கொடுக்கும் மேலதிகாரி எத்தனை பேருக்குக் கிடைப்பார்? நான் மனச்சாட்சியிடம் ஒரு வாரம் அவகாசம் கேட்டேன். அது உடனே தந்தது. அடுத்த வாரம் கேட்டபோதும் தந்தது. எங்கள் அலுவலகத்திலேயே பழகிவிட்ட மனச்சாட்சி. எந்தக் கோரிக்கையையும் நிராகரிப்பதில்லை.

கட்டைத் திரும்பக் கட்டி அலமாரியில் வைத்தேன்.

மருதப்பன் செவ்வாய்தோறும் வந்தார். அவருக்கு நாற்காலி போட்டேன். மண்பானைத் தண்ணீர் கொடுத்தேன். மனு எந்த ஊரில், எந்த மேசையில் இருக்கும் என்று கடிதப் பதிவேட்டைப் பார்த்து இன்முகத்தோடு சொன்னேன். ஒன்றைத் தவிர அவருக்கு எல்லாவற்றையும் கொடுத்தேன்.

ஜூலை முப்பத்தொன்றாம் தேதி மகளையும் கூட்டிக்கொண்டு வந்தார். இசக்கித்தாய்க்குப் பதினாறு வயது. மார்க் பட்டியலை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மூன்று மணிக்கு மெல்ல எழுந்து என்னிடம் வந்தாள்.

"அக்கா, சாயந்தரத் தபால்ல வந்துருமாக்கா? வந்துட்டுன்னா அஞ்சு மணி பஸ்ஸுல திருநெல்வேலி போயி எட்டு மணிக்காவது குடுத்துருவோம். அங்கன வாட்ச்மேன்கிட்டச் சொல்லி வச்சிருக்கோம்."

"வழியில இருக்கும்மா," என்றேன்.

நான் அப்போது அலமாரியின்மேல் முதுகைச் சாய்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே இருந்த அந்தக் கடிதம், அவள் கையை நீட்டினால் எட்டும் தூரம். நான் சற்று நகர்ந்தால் போதும். நகர்வதற்கு ஒரு மனித உடம்புக்கு எவ்வளவு பலம் வேண்டியிருக்கிறது என்பதை அன்றுதான் அறிந்தேன். குண்டு பட்ட ஆளைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் நடப்பவர்களிடம் அது இருக்கலாம். தட்டச்சர்களுக்கான தகுதிகளில் அது சேர்க்கப்படவில்லை.

அஞ்சு மணி பஸ் போனது. ஆகஸ்டில் என் பதவி உயர்வு வந்தது.

நவம்பரில் வடக்கேயிருந்து பதில் வந்தது, திருத்தப்பட்ட புத்தகத்தோடு. சார் மருதப்பனை வரவழைத்து, எழுந்து நின்று கடிதத்தைத் தமிழில் படித்துச் சொன்னார். 'எங்கள் 1974ஆம் ஆண்டுக் கடிதத்திலேயே தெரிவித்தபடி' என்று தொடங்கும் முதல் வரியை மட்டும் விட்டுவிட்டார். தேவையில்லாததைப் படித்து ஒரு குடிமகனைக் குழப்பக்கூடாது அல்லவா?

மருதப்பன் புத்தகத்தை வாங்கி, திருத்திய இரண்டு கட்டங்களையும் விரலால் தடவிப் பார்த்தார். பிறகு மூடினார்.

"மக என்ன செய்யுதா?" என்று சார் விசாரித்தார்.

"அவளும் ஆபீசுக்குத்தான் போறா சார். தீப்பெட்டி ஆபீசு. விடியுமுன்ன வண்டி வந்துருது." அவர் முகத்தில் கோபத்தைத் தேடினேன். இருந்திருந்தால் எனக்கு உதவியாக இருந்திருக்கும். "எடம் போனாப் போவுது சார். நான் பொய் சொல்லலேன்னு அவளுக்குத் தெரிஞ்சுட்டுல்லா. அது போதும்."

என் மேசைக்கு முன்னால் வந்து, விறைப்பாக நின்று, எனக்கு ஒரு சல்யூட் அடித்துவிட்டு இறங்கிப் போனார்.

போனவர் சும்மா இருக்கவில்லை. பஸ் நிலையத்தில் மனு எழுதுபவரிடம் உட்கார்ந்து மாவட்ட மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கிறார். 'என் பதிவு திருந்துவதற்காகக் கனகமணி அம்மாள் அவர்கள் தம்மாலான அனைத்தையும் செய்தார்கள்.' அவ்வளவுதான் கடிதம், கீழே கையெழுத்து. இணைப்பு எதுவும் இல்லை.

மறு ஜனவரி குடியரசு நாளில் எனக்கு நற்பணிச் சான்றிதழ் கொடுத்தார்கள். அதை அன்று மாலைக்குள் என் பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் ஏற்றியாகிவிட்டது. மருதப்பன் சொன்ன எத்தனையோ வாக்கியங்களில், எங்கள் துறை ஆதாரம் கேட்காமல் நம்பியது அந்த ஒன்றைத்தான். அது ஒன்றுதான் பொய்.