ராஜாவுக்கு ஏன் கோபம்?

உலகத்தில் இதுவரை ஆண்ட எல்லா ராஜாக்களுக்கும் மனநல ஆலோசனை சொல்லத் தகுதியான ஒரே ஆள், நாவலூரில் எங்கள் கம்பெனியில் சாஃப்ட்வேர் டெஸ்டராக இருந்தார். படாளத்துக்காரர். நாங்கள் வைத்த பெயர் 'சைக்காலஜி'.

கம்பெனி பஸ்ஸில் அவர் பக்கத்தில் உட்காருவது ஆபத்து. "அப்பனை ஜெயில்ல போட்டுட்டு ஊரெல்லாம் கோயில் கட்னவன் கீறான் பாரு, அது பக்தி இல்ல மச்சான். தூக்கம் வர்ல!" என்று காதருகே கத்துவார். தூக்கம் போவது நமக்கு.

மாமல்லபுரத்தில் ஒரு ரிசார்ட்டில் ஆண்டு விழா. நாடகம் சைக்காலஜி எழுதியது. போரில் ஜெயித்துத் திரும்பும் பல்லவ ராஜா, உயிர்த் தோழனான தளபதியை நாடு கடத்துகிறான். தளபதி நான். ராஜா எங்கள் மேனேஜர். அவர் மீட்டிங்கில் பேசினால் கார் பார்க்கிங் வரை கேட்கும்.

ஒத்திகையில் மேனேஜர் கர்ஜித்தார். சைக்காலஜி கையைத் தூக்கினார்.

"இன்னாத்துக்கு சார் கத்துறீங்க?"

"ராஜான்னா கத்தாம?"

"ஜனங்க தளபதிக்குக் கை தட்டுது. ராஜா பயந்துகினு கீறான் சார். அது தெரியக் கூடாதுன்னுதான் கத்துறான். கத்துறவன் எல்லாமே அப்படித்தான்."

மேனேஜரின் காது சிவந்தது. சைக்காலஜியின் அப்ரைசல் அத்தோடு முடிந்தது என்று நாங்கள் துக்கம் அனுசரித்தோம்.

விழா அன்று கடற்காற்று ராஜாவின் மீசையைப் பிய்த்து ராணியின் கொண்டையில் ஒட்டிவைத்தது. கூட்டம் உருண்டு சிரித்தது. மேனேஜர் திருதிருவென்று விழித்தார். அப்போது திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் மைக்கில் விழுந்தது:

"சார், இதான் சார் அந்த மூஞ்சி! வுட்ராதீங்க!"

மறுபடியும் சிரிப்பு. அது அடங்கியதும் மேனேஜர் என்னைப் பார்த்து, மெதுவாக, நாங்கள் இதுவரை கேட்டிராத ஒரு குரலில் சொன்னார்: "போய்விடு. நீ பக்கத்தில் நின்றால் நான் சின்னவனாகத் தெரிகிறேன்."

நான் போக மறந்து நின்றேன். திரையோரம் சைக்காலஜி துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

சாப்பாட்டின்போது மேனேஜர் தட்டோடு ஓர் ஓரத்தில் தனியாக உட்கார்ந்திருந்தார். என்ன பேசுவது என்று தெரியாமல் நாங்கள் எல்லோரும் தள்ளியே நின்றோம். சைக்காலஜி மட்டும் நேராகப் போனார்.

"தனியா இன்னா சார் துன்னுகினு கீறீங்க? நவுருங்க."

மேனேஜர் நகர்ந்து இடம் கொடுத்தார். சைக்காலஜி உட்கார்ந்து, தன் தட்டிலிருந்த பெரிய வஞ்சிர மீன் துண்டை அவர் தட்டில் வைத்தார்.