திருச்செவிக்குப் புரிந்த சொற்கள்

வரைபடம் வரைகிறவர்கள் மறந்துவிட்ட ஒரு மூலையில் மந்தாரம் என்றொரு நாடு இருந்தது. அதன் மன்னருக்கு மக்களின் குறைகளைக் கேட்பதில் மிகுந்த ஆர்வம். கேட்டால் தூக்கம் கெடுகிறது என்பது ஒன்றுதான் தடை.

ஆகவே கேட்பதற்கு ஒரு கருவி செய்தார்கள். திருச்செவி என்று அதற்குப் பெயரிட்டார்கள். ஊருக்கு ஒரு தொலைபேசிக் கூண்டு வந்தது. குறையுள்ளவர் பேச வேண்டும். அரண்மனையிலிருக்கும் திருச்செவி கேட்டு, புரிந்துகொண்டு, உரிய இடத்துக்கு அனுப்பும். அதுவரை அரண்மனையில் தொலைபேசியை எடுத்துப் பேசிக்கொண்டிருந்த பெண்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அவர்கள் மேல் ஒரே குற்றச்சாட்டுதான். மக்கள் சொன்னதையே அவர்கள் மன்னரிடம் சொன்னார்கள்.

கீழேந்தல், ஒரு ஏரிக்கரைக்கு அடியில் இருந்த ஊர். கரையை ஒட்டிய கடைசி வீடு காத்தாயியுடையது. ஐப்பசியில் ஒரு காலை, ஆட்டை அவிழ்க்கப் போனவள் கரையில் ஒரு வெடிப்பைக் கண்டாள். கையை விட்டுப் பார்த்தாள். முழங்கை வரை போயிற்று. ஈரமாக வந்தது.

நேரே கூண்டுக்குப் போனாள்.

"கரையில வெடிப்பு விட்டிருக்குங்க சாமி. கசியுது. மதகத் தெறந்து தண்ணிய எறக்கணும். உத்தரவு குடுங்க."

மந்தாரத்தில் மன்னர் உத்தரவில்லாமல் மதகைத் தொட்டவர்களுக்கு அதன்பின் தொடுவதற்குக் கை இருக்காது.

"மன்னிக்கவும். புரியவில்லை," என்றது திருச்செவி. தேனில் குழைத்த குரல். "தெளிவாகச் சொல்லவும்."

சொன்னாள். கத்திச் சொன்னாள். அழுதும் சொன்னாள். வெளியே நின்ற கொழுந்தன் சங்கன் சிரித்தான்.

"விடு மதினி. நீ பேசுறது எங்கண்ணனுக்கே பாதிதான் புரியும். அது பாவம், தகரம்."

"உங்கண்ணனுக்குப் புரியாட்டி சோறு மட்டும்தான்டா போகும். இதுல ஊரே போயிரும்."

இப்படி நாடெங்கும் திருச்செவிக்குப் புரியவில்லை என்ற செய்தி அரசவைக்கு எட்டியது. செவித்துறை அமைச்சர் வித்தகனார் அவையின் முன்னிலையிலேயே கருவியைச் சோதித்தார்.

"மன்னர் வாழ்க," என்றார்.

"புரிந்தது," என்றது திருச்செவி.

அமைச்சர்கள் ஒவ்வொருவராக எழுந்து அதையே சொன்னார்கள். ஒவ்வொரு முறையும் புரிந்தது.

"கருவியில் பழுதில்லை, அரசே," என்றார் வித்தகனார். "பழுது வாய்களில் இருக்கிறது."

"புரியாத அழைப்புகளை என்ன செய்கிறீர்கள்?"

"யாரும் பேசவில்லை என்று பதிவாகிறது, அரசே."

"பேசாமல் இருப்பது எதன் அடையாளம்?"

"மனநிறைவின் அடையாளம், அரசே."

மன்னர் அன்று நன்றாகத் தூங்கினார்.

மறுநாளே முதலாம் ஆணை வந்தது. ஊர்தோறும் வாய் திருத்தப் பள்ளி. குடிமக்கள் அரண்மனைத் தமிழில் பேசப் பழக வேண்டும். நடவு நேரத்தில் வயலில் ஆளில்லை. எல்லோரும் பள்ளியில் உட்கார்ந்து விளக்கெண்ணெய் கொப்பளித்தார்கள். பல் விழுந்தவர்கள் பேச உரிமம் வாங்க வேண்டியிருந்தது. உரிமத்துக்குத் தொலைபேசியில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

காத்தாயி வைராக்கியமாகக் கற்றாள். அதற்குள் வெடிப்பில் கை தோள் வரை நுழைந்தது. நாக்கு பழகியதும் கூண்டுக்குள் போய் நிமிர்ந்து நின்றாள்.

"ஏரிக்கரையில் பிளவு ஏற்பட்டுள்ளது. நீர் கசிகிறது. மதகைத் திறக்க ஆணையிட வேண்டுகிறேன்."

"மன்னிக்கவும். புரியவில்லை. உங்கள் பின்னணியில் சத்தம் உள்ளது."

இரண்டாம் ஆணை சத்தங்களைப் பற்றியது. சேவல்களின் அலகைக் கயிற்றால் கட்டினார்கள். உரலும் உலக்கையும் பறிமுதலாயின. குழந்தைகளை அழவிடுவது பெற்றோர் குற்றம். பறை கொட்டாமல் பிணங்கள் சுடுகாட்டுக்குப் போயின. கீழேந்தலில் மட்டும் சத்தம் குறையவில்லை என்று கண்டு, வித்தகனாரே பல்லக்கில் வந்து இறங்கினார்.

"என்ன இரைச்சல் இது?"

"கலிங்குங்க," என்றான் சங்கன். "ஏரி ரொம்பிப்போச்சு. மிஞ்சுற தண்ணி அது வழியாத்தான் போகும்."

"அதை அடை."

"அய்யா, அத அடைச்சா தண்ணி எங்கய்யா போகும்?"

"அது நீர்த்துறையின் கவலை. நான் செவித்துறை."

காத்தாயி அவருடைய பட்டு அங்கவஸ்திரத்தைப் பிடித்து இழுக்காத குறையாகக் கரைக்கு அழைத்துப் போனாள். வெடிப்பைக் காட்டினாள். நீர் அதிலிருந்து இழைபோல இறங்கிக்கொண்டிருந்தது. வித்தகனார் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"நீங்களே கண்ணால பாத்துட்டீங்க சாமி. மன்னர்ட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பார்ப்பது என் துறையில் இல்லை, அம்மா. தொலைபேசியில் சொல்." பிறகு காதைச் சாய்த்தார். "இதுவும் சத்தம் போடுகிறது."

வெடிப்பில் பஞ்சு மெத்தை ஒன்றைத் திணித்தார்கள். கலிங்கைச் செங்கல் வைத்துக் கட்டினார்கள். ஊர் அமைதியாயிற்று. ஏரி ஏறத் தொடங்கியது.

காத்தாயி மறுபடி பேசினாள். மறுபடி புரியவில்லை. இப்போது பழுது சொற்களில் இருப்பதாக வித்தகனார் கண்டுபிடித்தார். மக்கள் தேவைக்கு மேல் சொற்களை வைத்திருந்தார்கள். மூன்றாம் ஆணைப்படி, திருச்செவிக்குத் தெரியாத சொல்லைத் தொலைபேசியில் சொல்வது குற்றம். அதற்குத் தெரிந்தவை வாழ்க, நன்றி, ஆம் என்ற மூன்று.

அதன்பின் திருச்செவிக்கு எல்லாமே புரிந்தது.

நாடே கொண்டாடியது. நாட்டிலேயே மிக அமைதியான ஊர் என்று கீழேந்தலுக்கு விருது கொடுக்க மன்னரே வருவதாக அறிவிப்பு வந்தது. கரைக்கு அடியில், கூண்டுக்குப் பக்கத்தில் மேடை போட்டார்கள். காற்றுகூட வராத இடம் அதுதான்.

விழாவுக்கு முந்தின நாள் காத்தாயி மேடைக்காரர்களிடம் போய்க் கைகட்டி நின்றாள்.

"சனங்க இருமுவாங்க, தும்முவாங்க. விழாவுக்கு எடஞ்சலு. நாங்க ஆடு மாடு, சட்டி பானையோட அந்தப் பாறை மேல போயி நின்னுக்குறோமுங்க."

இவ்வளவு பொறுப்பான குடிமகளைத் தாங்கள் கண்டதில்லை என்றார்கள் அவர்கள்.

விழாவன்று ஊரில் கீழே நின்றவள் அவள் ஒருத்திதான். மன்னர் முன்னால் பேசிக்காட்ட அவளைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். கரை முழுக்க வியர்த்திருந்தது. மெத்தை பாதி வெளியே பிதுங்கியிருந்தது. காத்தாயி தொலைபேசியை எடுத்தாள். மேடையில் உட்கார்ந்திருந்தவர்களைப் பார்த்தாள். என்ன இருந்தாலும் உயிர்கள்.

"கரை ஒடையப் போகுது. எல்லாரும் எந்திரிச்சு ஓடுங்க."

"மன்னிக்கவும். புரியவில்லை."

மன்னர் கையெட்டும் தூரத்தில் இருந்தார். அவர் வித்தகனாரிடம் சாய்ந்தார்.

"என்ன சொல்கிறாள்?"

"திருச்செவிக்குப் புரியவில்லை, அரசே."

"அப்படியானால் எனக்கும் புரியவில்லை."

"நன்றி. வாழ்க," என்றாள் காத்தாயி. புரிந்தது என்றது கருவி. கைதட்டினார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் பாறையைப் பார்த்து நடந்தாள். ஏறி முடிக்கவில்லை, கரை விட்டுப்போயிற்று.

மேடை முதலில் போனது. பிறகு வீடுகள். அரசவையினர் கிடைத்த மரங்களில் தொற்றிக்கொண்டார்கள். கூண்டின் கூரைமேல் மன்னர் கிடந்தார். கூண்டின் தொலைபேசி அவர் கையில் சிக்கியிருந்தது.

"காப்பாத்துங்க! அய்யோ, யாராச்சும் காப்பாத்துங்க!" அரண்மனைத் தமிழ் வெள்ளத்தோடு போய்விட்டிருந்தது.

"மன்னிக்கவும். புரியவில்லை," என்றது தேன் குரல். "பின்னணிச் சத்தத்தைக் குறைத்துக்கொண்டு மீண்டும் முயலவும்."

மன்னர் தொலைபேசியை எறிந்துவிட்டுப் பாறையைப் பார்த்துக் கை வீசினார். சங்கன் வடக்கயிற்றை எடுத்தான்.

"போடவா மதினி?"

"இரு." காத்தாயி பாறை விளிம்புக்கு வந்தாள். பள்ளியில் கற்றபடி நிமிர்ந்து நின்றாள். "மன்னிக்கவும். புரியவில்லை. தெளிவாகச் சொல்லவும்."

"நான் மன்னன்!"

"புரியவில்லை."

"பொன் தருகிறேன்! ஊரே எழுதித் தருகிறேன்!"

"எந்த ஊர சாமி?" என்றான் சங்கன். பாறையில் சிலர் சிரித்தார்கள்.

"புரியவில்லை," என்றாள் காத்தாயி.

கூரை சாய்ந்தது. மன்னர் வாயில் தண்ணீர் போனது.

"கரை..." என்று இருமினார். "கரை ஒடஞ்சுபோச்சு தாயி!"

"புரிந்தது," என்றாள் காத்தாயி. சங்கன் வடத்தை வீசினான்.

மன்னர் தலைநகர் திரும்பியதும் விசாரணை மன்றம் ஒன்று அமைத்தார். தலைவர் வித்தகனார். மந்தாரத்தின் வரலாற்றில் முதன்முறையாக அந்த மன்றம் கருவியில் ஒரு பழுதைக் கண்டது. மன்னரின் அலறலைத் திருச்செவிக்கு யாரும் கற்றுக்கொடுத்திருக்கவில்லை. உடனே கற்றுக்கொடுத்தார்கள். இப்போது அவர் எங்கிருந்து அலறினாலும் அதற்குப் புரியும்.

கீழேந்தல் மக்கள் பாறைமேல் கூரையில்லாமல் இருக்கிறார்கள். அங்கேயும் ஒரு கூண்டு வைத்திருக்கிறார்கள். காத்தாயி தினமும் அதில் பேசுகிறாள்.

அவர்கள் மனநிறைவோடு இருப்பதாகப் பதிவாகியிருக்கிறது.