குதிரையின் மேல் பனி

மதிப்பிற்குரிய மச்சானுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் பணிவுடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். என் கழுத்து மட்டும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அதற்கும் காரணம் நீங்கள்தான்.

நீங்கள் அனுப்பிய குதிரை பொறித்த மூன்று நாணயங்களும், ஆளுக்கொரு ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பியில், பத்திரமாக வந்தன. "இவற்றின் மேற்பரப்பு எத்தனை வகை என்று சரியாகச் சொல்பவரிடமே என் சேகரிப்பு முழுவதையும் ஒப்படைப்பேன்" என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் பிள்ளைகளுக்கு நாணயம் என்றால் தூசி அடையும் சாமான். என்னை விட்டால் வேறு யார் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டேன். பார்சலைப் பிரித்த உங்கள் தங்கையோ டப்பி டப்பியாக எடுத்து நகத்தால் நோண்ட ஆரம்பித்தாள். "கை வைக்காதே, பாழாயிடும்" என்று மூன்றாவதைப் பிடுங்கிவிட்டேன். "டப்பியத்தானே தொட்டேன், உங்க மூக்கையா தொட்டேன்?" என்று எழுந்து போய்விட்டாள்.

பிறகு மேசை விளக்கடியில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன் மச்சான், என்னவென்று சொல்வேன். முதல் நாணயத்தில் தரை, அதாவது குதிரையைச் சுற்றியுள்ள வெற்றிடம், முழுக்கக் கண்ணாடி; குதிரை மட்டும் உறைபனி பூத்தாற்போல் வெள்ளை. லேசாகச் சாய்த்தால் தரை கன்னங்கரேலென்று மாறிவிடுகிறது, குதிரை இருட்டில் தன்னந்தனியாக நிற்கிறது. கழுத்து பிடித்துக்கொள்ளும்வரை குனிந்தே இருந்தேன். இரண்டாவதில் எல்லாம் தலைகீழ்: தரை பனி, குதிரை பளபளப்பு. அதே குதிரை, அதே உலோகம். இப்படிச் செய்த கைகள் யாருடையவோ, அவர்களை நினைத்துக் கும்பிட்டேன். நானும் ஆயுசு முழுக்கச் சில்லறையைப் பையில் போட்டவன்தான், ஒரு தடவையாவது திருப்பிப் பார்த்தேனா?

மூன்றாவதுதான் அதிசயம். தரையும் மங்கல், குதிரையும் மங்கல், எப்படிச் சாய்த்தாலும் மெல்லிய மூடுபனி. விடியற்காலையில் அது எங்கோ கிளம்புவது போல இருந்தது. கண் கலங்கிவிட்டது. இந்த வகையைப் பற்றி நீங்கள்கூட வாய் திறந்ததில்லை. ஆகவே என் பதில்: மூன்று வகை. மூன்றாவதற்கு 'மூடுபனி' என்று நானே பெயரும் வைத்துவிட்டேன். சேகரிப்புக்காக அலமாரியை ஒழித்தாயிற்று. உங்கள் தங்கையின் துணிமணிகள் தற்சமயம் கட்டிலில் இருக்கின்றன.

உங்கள் மூட்டுவலி சீக்கிரம் விடைபெறட்டும். வீட்டில் எல்லோருக்கும் என் அன்பு.

இப்படிக்கு,
நாணயங்களின் வருங்காலக் காவலன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடும்போது உங்கள் தங்கை வந்து, "இதுக்கு மட்டும் ஏங்க உரிக்கல?" என்று கேட்டபடியே, மூன்றாவது டப்பியின் மேல் ஒட்டியிருந்த மெல்லிய பிளாஸ்டிக் தாளை நகத்தால் உரித்தாள். மூடுபனி அவள் நகத்தோடு போயிற்று. உள்ளே இருந்தது முதல் வகைக் குதிரையேதான். "மத்த ரெண்டையும் அன்னிக்கே உரிச்சிட்டேன், இதத்தான் பிடுங்கிட்டீங்க. மொத்தமே ரெண்டு வகைதாங்க" என்றாள். சரியான பதில் அவளுடையது, சேகரிப்பை அவள் பெயருக்கே அனுப்பவும். அலமாரியில் அவள் துணிகள் திரும்ப ஏறிவிட்டன. நாணயங்களுக்கு இடம் வேண்டுமென்று என் சட்டைகள் கட்டிலுக்கு வந்துவிட்டன. எப்போதாவது நான் சாய்த்துப் பார்க்கலாமா என்று கேட்டேன். "பாருங்க, யார் வேணாம்னா? முதல்ல நான் உரிச்சுத் தரேன்" என்கிறாள்.