நடிப்பு என்று நான் போட்ட ஓட்டு

மதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் அவர்களுக்கு,

தாங்களும், தங்கள் உதவியாசிரியர்களும், என் முந்தைய கடிதத்தைக் கட்டம் கட்டிப் பெரிய எழுத்தில் அச்சடித்த அந்த மகானுபாவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். நான் நலமாக இல்லை. அதற்குக் காரணம் தாங்கள் அல்ல, நான்தான் என்று சொல்லவே இந்தக் கடிதம்.

விஷயம் தங்களுக்கு நினைவிருக்கும். நம் எல்லோருக்கும் பிடித்த அந்தப் பெரிய நடிகர், தனக்கும் வந்திருக்கிற பார்க்கின்சன் நோய் பற்றிய ஆராய்ச்சிக்கு அரசு உதவ வேண்டும் என்று தொலைக்காட்சியில் பேசினார். நாலே நிமிடப் பேச்சு. அதற்குள் தோள் ஒரு பக்கம் போனது, தலை இன்னொரு பக்கம் போனது, நாற்காலியில் நெளிந்துகொண்டேதான் பேசினார். மறுநாள் ஒரு விவாத நிகழ்ச்சிக்காரர், "அனுதாபம் தேட மாத்திரை போடாம வந்திருக்கார், இல்லேன்னா நடிக்கிறார்" என்று கொளுத்திப் போட, ஊர் இரண்டுபட்டது. தாங்களும் சும்மா இராமல் 'நோயா, நடிப்பா?' என்று வாசகர்களிடம் ஓட்டுக் கேட்டீர்கள். நான் 'நடிப்பு' என்று ஓட்டுப் போட்டதோடு நிற்காமல் இரண்டு பக்கம் விளக்கமும் எழுதினேன். 'அனுபவஸ்தர் சொல்கிறார்' என்று தலைப்பிட்டுப் போட்டுவிட்டீர்கள்.

என் அனுபவம் இதுதான். முப்பத்தொரு வருஷம் லிஃப்ட் ஆய்வாளராக இருந்தேன். உள்ளே ஏறி நின்றாலே போதும், அது ஆடுகிற ஆட்டத்தை வைத்துக் கோளாறு கயிற்றிலா சக்கரத்திலா என்று சொல்லிவிடுவேன். போதாததற்கு என் மனைவிக்கு ஏழு வருஷமாகப் பார்க்கின்சன். வலது கை நடுங்கும், உடம்பு கட்டை மாதிரி இறுகும், வாசற்படியில் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். "ஒண்ணு, ரெண்டு" என்று நான் எண்ணினால்தான் எடுத்து வைப்பாள். ஆனால் ஒருநாளும் அந்த நடிகரைப் போல நெளிந்ததில்லை. ஆகவே அவர் நெளிவது நடிப்பு. எவ்வளவு கச்சிதமான தீர்ப்பு பாருங்கள்.

இங்கே என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் பள்ளி ஆசிரியை. நாற்பத்திரண்டு ஆசிரியர்கள், முப்பது வகுப்புகள், ஒரே ஒரு மைதானம், இதையெல்லாம் வைத்துக்கொண்டு எவரும் எவரோடும் மோதாமல் இருபது வருஷம் அந்தப் பள்ளிக்குக் கால அட்டவணை போட்டவள். ஓய்வு பெற்ற பிறகு அவளிடம் மிஞ்சிய ஒரே ஊழியன் நான். தினமும் பத்து ஐம்பதுக்கு எனக்கு ஒரு வேலை வரும். ஒருநாள் கடிகாரத்துக்குப் பேட்டரி, ஒருநாள் நீல நூல், மறுநாள் அதே நீலத்தில் கொஞ்சம் வெளுத்த நூல், ஒன்றுமில்லையென்றால் நூலகத்துக்குப் போய்ப் பேப்பர் படித்துவிட்டு வர உத்தரவு. மழை பெய்தால் குடையைக் கொடுத்து அனுப்புவாள். எங்கள் வீட்டில் இன்று பதினெட்டுப் பேட்டரிகள் இருக்கின்றன, கடிகாரம் ஒன்றுதான்.

போன செவ்வாய்க்கிழமை சட்டைப் பொத்தான் வாங்கிவரச் சொன்னாள், நாலு துளை, சாம்பல் நிறம், வேறு வாங்கினால் திருப்பி அனுப்புவேன் என்று எச்சரிக்கையும் செய்தாள், நானும் கிளம்பினேன், வழியில் பத்திரிகைக் கடையில் தங்கள் இதழ் தொங்கிற்று, பிரித்தால் என் கடிதம், தலைகால் புரியாமல் ஆறு பிரதி வாங்கி, கடைக்காரரிடம் ஒருமுறை படித்துக் காட்டி, சாவி செய்கிறவரிடம் ஒருமுறை படித்துக் காட்டி, பஸ்ஸுக்கு நின்ற முன்பின் தெரியாத ஒரு பெண்மணியிடம் நீட்ட, "எங்களுக்கு எதுவும் வேண்டாங்க" என்று அவர் நகர்ந்துகொள்ள, அதற்கு மேல் பொறுக்க முடியாமல் மனைவியிடமே காட்டிவிடலாம் என்று பொத்தானை மறந்து வீட்டுக்கு ஓடினேன். எங்கள் கட்டடத்து லிஃப்ட் அன்று ஓடவில்லை. அது எனக்கு நேர்ந்த அவமானங்களில் சிறியது. ஆறு பிரதியோடு நாலு மாடி ஏறி, சாவியைப் போட்டுக் கதவைத் திறந்தேன். மணி பதினொன்று இருபது.

புத்தக அலமாரிக்கு முன்னால் என் மனைவி நின்றுகொண்டிருந்தாள். தோள் ஒரு பக்கம் போனது. தலை இன்னொரு பக்கம் போனது. இடுப்பிலிருந்து கழுத்து வரை நெளிந்தது. தொலைக்காட்சியில் பார்த்த அதே ஆட்டம், அச்சு அசலாக. நான் பிரதிகளைப் போட்டுவிட்டு ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன்.

"விடுங்க. ஒண்ணும் ஆகல. இது மாத்திரை பண்ற வேலை" என்றாள். "பத்து மணி மாத்திரை பதினொண்ணுக்கு உச்சத்துக்கு வரும். அப்ப இப்படி ஆட்டும். பன்னிரண்டுக்கு அடங்கிடும்."

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருஷமா."

"டாக்டருக்குத் தெரியுமா?"

"தெரியாம? நீங்க வண்டி நிறுத்த இடம் தேடிட்டு வர்றதுக்குள்ள நாங்க பேசி முடிச்சுடுவோம்."

"அப்போ மதிய மாத்திரைக்கு?"

"அப்போ நீங்க குறட்டை விட்டுட்டு இருப்பீங்க."

ஆசிரியர் அவர்களே, நோயாளிகள் மாத்திரை போடாததால் நெளிவதில்லை. போட்டதால்தான் நெளிகிறார்கள். இது தெரியாமல் ஏழு வருஷம் அதே வீட்டில் குடியிருந்திருக்கிறேன். அவள் கீழே கிடந்த பிரதியை எடுத்து, ஆடுகிற கையில் பிடித்து, என் கடிதத்தை ஒரு வரி விடாமல் படித்தாள்.

"இவர் நெளியறது நடிப்புன்னு எழுதியிருக்கீங்க. அப்ப நானும் நடிக்கிறேனா?"

மீதி ஐந்து பிரதியையும் பொறுக்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன்.

அன்றிலிருந்து பிரமித்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். பத்து மணி மாத்திரை, என் பேட்டரி, மழைக்குக் குடை, மதிய மாத்திரை, என் தூக்கம், டாக்டர், வண்டி நிறுத்த நான் எடுத்துக்கொள்ளும் பத்து நிமிஷம். இரண்டு வருஷம், ஒன்றோடு ஒன்று மோதவேயில்லை. எழுபது மாடிக் கட்டடத்தில் பதினாறு லிஃப்ட் ஒரே நேரத்தில் ஓடுவதைப் பார்த்து வாயைப் பிளந்தவன் நான். இதன் முன்னால் அது ஒன்றுமில்லை. எழுந்து நின்று கும்பிடத் தோன்றுகிறது. அந்த நடிகரையும் நினைத்துக்கொள்கிறேன். கட்டிய புருஷன் ஒருவனிடம் என் மனைவி காட்டக் கூசியதை, அவர் கோடிப் பேர் முன்னால் உட்கார்ந்து காட்டியிருக்கிறார். அவரைத்தான் நான் நடிக்கிறார் என்றேன்.

செவ்வாய்க்கிழமையிலிருந்து பத்து ஐம்பதுக்கு நான் வெளியே போவதில்லை. பக்கத்திலேயே இருந்து அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொள்கிறேன். அவளும் நாற்காலியை விட்டு எழுவதில்லை, பேசுவதுமில்லை. என் எதிரில் இன்னும் கூச்சம் போகவில்லை, பாவம். போகப்போகச் சரியாகிவிடும். என் ஓட்டை ரத்து செய்து, இந்த மன்னிப்பை அதே அளவு எழுத்தில், அதே மாதிரிக் கட்டம் கட்டிப் போட வேண்டுகிறேன். இனிப் பதினொரு மணிக்கு அவள் கையை விடமாட்டேன் என்பதையும் வாசகர்கள் அறிய உறுதி கூறுகிறேன்.

தங்கள் இதழ் செழிக்கட்டும். தங்கள் வீட்டில் எல்லோருக்கும் கையும் காலும் நெடுங்காலம் சொன்ன பேச்சைக் கேட்கட்டும்.

இப்படிக்கு,
அனுபவம் போதாத முன்னாள் லிஃப்ட் ஆய்வாளர்

பின்குறிப்பு: இது அவர் மனைவி எழுதுவது. தபாலில் போடுமுன் பிழை பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். என் எழுத்து இந்த நோயால் பொடியாகிவிட்டது, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கவும். இவர் கடிதத்தில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. விஷயம்தான் முழுக்கப் பிழை. வெட்கப்பட்டு நான் இவரை வெளியே அனுப்பவில்லை. நாள் முழுக்க இறுகிக் கிடக்கிற எனக்குப் பதினொன்றிலிருந்து பன்னிரண்டு வரைதான் கால் நினைத்த இடத்துக்குப் போகும், மதிய மாத்திரை சாப்பாட்டுக்குப் பிறகு அரைகுறையாகத்தான் கேட்கும். நெளிவு கூடவே வருகிறது, வந்துவிட்டுப் போகட்டும், கட்டையாகக் கிடப்பதற்கு அது எவ்வளவோ மேல். அந்த ஒரு மணி நேரத்தில் அலமாரி துடைப்பேன், யாரும் எண்ணாமல் வாசற்படி தாண்டுவேன், மொட்டை மாடிக்குத் தனியாக ஏறி இறங்குவேன். இவர் இருந்தால் ஓடிவந்து பிடித்துக்கொள்வார் என்று தெரிந்துதான் அனுப்பினேன். இப்போது நாலு நாளாகப் பிடித்துக்கொண்டிருக்கிறார், நான் எங்கே எழுவது? அந்த நடிகரும் உடம்பு ஒத்துழைக்கிற நேரமாகப் பார்த்துத்தான் பேச வந்திருப்பார், அனுதாபத்துக்காக அல்ல. மன்னிப்பைப் போடுங்கள், அது அவருக்குச் சேர வேண்டியது. கையை விடமாட்டேன் என்கிற வரியை மட்டும் தாங்களே அடித்துவிடுங்கள், நான் அடித்தால் கோடு நேராக வராது. இவர் வேண்டுமானால் நாளைக்கு என்னோடு மாடிக்கு வரட்டும். இரண்டு படி பின்னால், கையைக் கட்டிக்கொண்டு.